இருபத்தேழு அங்குல வாசல்

போன வாரம் கடுகண்ணாவையில், அக்கா வீட்டு பாத்ரூம் வாசலில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப்பின் ஒரு ஓரம் அங்குலம், மறு ஓரம் சென்ரிமீற்றர். நான் ஒரு ஓரத்தைப் பார்க்கிறேன். மேசன் ராஜு பாஸ் மற்ற ஓரத்தைப் பார்க்கிறார்.

"அறுபத்தெட்டரை" என்றேன் நான்.

"இருபத்தேழு" என்றார் அவர்.

ஒரே வாசல். எதை நம்புவது?

விஷயம் இதுதான். அக்காவுக்கு நீண்ட நாளாகச் சீனி வருத்தம். காலில் வந்த புண் ஆறவே இல்லை... கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, சோறு யாரு வேணா ஊட்டட்டும். பாத்ரூமுக்கு மட்டும் நானே போயி நானே வரணும். அதுக்கு ஒருத்தரக் கூப்புட வச்சிடாத."

அவளுடைய மகள் பகல் முழுக்கக் கண்டியில் துணிக்கடை வேலையில் இருப்பாள். கூப்பிட்டாலும் வர ஆள் கிடையாது.

அக்காவுக்கு முன்னாலேயே வீல் செயார் வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியில் அகலம் 66 சென்ரிமீற்றர் என்று அச்சடித்திருந்தது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு; நான் படித்த அறுபத்தெட்டரையை நானே நம்பவில்லை. 66ஐயும் பாஸ் சொன்ன இருபத்தேழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பாஸிடமே போய்க் கணக்குக் கேட்டேன்.

ராஜு பாஸ் தெல்தோட்டைக்காரர். எதற்கும் அசரமாட்டார். "பயப்படாதீங்கண்ணே. அடிக்கு முப்பது போடுங்க. அறுபதுக்கு ரெண்டு அடி. மிச்சம் ஆறுக்கு ரெண்டரை இஞ்சு வையுங்க. ஆக இருபத்தாறரை. வாசல் இருபத்தேழு. அரை இஞ்சு மிச்சம்."

"அரை இஞ்சுதானா பாஸ்?"

"பின்ன என்னண்ணே, லொறியா ஓட்டப் போறீங்க?"

போனில் தட்டிப் பார்த்தேன். இருபத்தாறு என்றது. அப்படியானால் முழுசாக ஒரு அங்குலம் மிச்சம். கொஞ்சம் மூச்சு வந்தது.

நம் ஆட்களையும் குறை சொல்ல முடியாது. அரிசி கிலோவில் வாங்குகிறோம், பாண் மட்டும் இன்னும் றாத்தல்தான். பெற்றோல் லீற்றர், காணி பேர்ச்சஸ். துணியை மீற்றரில் வெட்டி வாங்கி, தைக்கக் கொடுக்கும்போது அங்குலத்தில் அளவு சொல்கிறோம். ரோட்டோரம் கிலோமீற்றர் கல் நட்டு எவ்வளவு காலம் ஆகிறது? ஆனாலும் "நாலாங்கட்டையில எறக்கம்" என்று பழைய மைல் கணக்கில் சொன்னால்தான் கொண்டக்டர் மணி அடிக்கிறார். ஒரே உடம்புக்கு எடை கிலோவில், உயரம் அடியில்... இரண்டு கணக்கிலும் ஒரே நேரத்தில் குடும்பம் நடத்துகிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை — என்னைத் தவிர.

பாஸ் வாசல்படியை உடைத்துச் சீமெந்தால் சாய்வு போட்டார். உள்ளே சுவரில் பிடிகம்பி பொருத்தினார். வெறும் வீல் செயாரைத் தள்ளிப் பார்த்தோம். உரசாமல் உள்ளே போனது. பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மகள் லீவு போட்டுக் கூட்டிவர, அக்கா வந்தாள். வேனிலிருந்து இறக்கிச் செயாரில் உட்கார வைத்ததும் முதல் பேச்சே இதுதான்: "விடுங்க. யாரும் தொடாதீங்க."

சில்லுக்கு வெளியே இருக்கும் வளையத்தைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டு போனாள். சாய்வில் ஏறினாள். வாசலில் நின்றுவிட்டாள்.

கை இடித்தது. செயார் நுழைகிறது, அதை உருட்டுகிற கை நுழையவில்லை. கதவு நிலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். செயார் கோணிக்கொண்டு சிக்கியது. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

நான் ஓடிப்போய்ப் பின்னால் கை வைத்தேன்.

"தள்ளாத" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "தள்ளுனா போயிரும்னு எனக்கும் தெரியும். தள்ளாத."

கையை எடுத்துக்கொண்டேன். அங்குலத்திலும் கணக்குச் சரி. சென்ரிமீற்றரிலும் சரி. செயாரை அளந்தோம், வாசலை அளந்தோம். அதில் உட்காரப் போகிறவளைப் பற்றி — இவ்வளவு கவலைப்படுகிற எனக்கும் — ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லையே?

ராஜு பாஸ்தான் முதலில் அசைந்தார். செயாரைப் பின்னுக்கு இழுத்தார். "அக்கா, உருட்டுற மாதிரியே கைய வையுங்க. முழங்கைய ஒடுக்காதீங்க, நல்லா விரிங்க."

ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைக்கு டேப்பை நீட்டினார். "முப்பத்திரெண்டு."

பழக்க தோஷம், நானும் எட்டிப் பார்த்தேன். "எண்பத்தொண்ணு."

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் அக்கா. "எனக்கு அவசரமா வருது."

"மூணு அடியா வெட்டிருவோம்" என்றார் பாஸ். "அண்ணனுக்கும் நிம்மதி."

"செவுரு நிக்குமா பாஸ்?"

"நிக்கும்ணே. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அந்த அவசரத்துக்கு மட்டும் அக்கா மகளைக் கூப்பிட்டாள். மகள் தள்ள, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போய் வந்தாள். அதற்குப் பிறகு அவள் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. "வாசல் முடியட்டும், பொறகு குடிக்கிறேன்" என்றாள்.

பின்னேரம் வாசல் மூன்று அடியாகிவிட்டது, பழைய கதவு நிலை வெளியே கிடந்தது. வீடெல்லாம் தூசி. புதுக் கதவு வர நாளாகும். அதுவரை மகள் ஒரு பழைய திரைச்சீலையைக் கட்டினாள்.

அக்கா உருட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வேகம் குறையவே இல்லை. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். விழுந்தால் பிடிக்கலாமே என்று நானும் பாஸும் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேருக்கும் வேற வேல இல்லியா? போங்க அங்கிட்டு."

போனோம். யாரும் என்னை இவ்வளவு சந்தோஷமாக விரட்டியதில்லை.