சாக்லேட்டுக்கு வைத்த பொட்டு

நீ கேள்விப்பட்டது நிஜம்தான் பச்சையம்மா. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் மூன்று அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். புருஷன் போய் எட்டு வருஷம் ஆன கிழவிக்கு இப்போது எதற்குப் பொட்டு என்று ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும், அரிசி போடுகிற வரைக்கும் அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா. ஆனால் நீ பக்கத்து வீட்டுக்காரி, வேலையை விட்டுவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்கிறாய், அதனால் உனக்குச் சொல்கிறேன். அந்தப் பொட்டு என் நெற்றிக்கு இல்லை. சாக்லேட்டுக்கு.

சிரிக்காதே. மூக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. காப்பிக்கொட்டை வறுத்த சட்டியிலேயே நெய்யும் காய்ச்சின மாதிரி ஒரு வாசனை வருகிறது பார், அதுதான். போன வருஷம் இதே அரைப் பரீட்சை லீவில் நீ காஞ்சிபுரத்தில் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாய். நீ இருந்திருந்தால் இந்த ரேஷன் கடைப் பேச்சே வந்திருக்காது, நீயே எல்லோருக்கும் சொல்லி முடித்திருப்பாய்.

பின்பக்க ரூமில் குடியிருந்தார்களே எஸ்தரும் அவள் மகள் ஜெபாவும், ஞாபகம் இருக்கிறதா? திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குக் கப்பலில் வேலை. எஸ்தர் இங்கே ஒரகடத்தில் ஏதோ பாகம் கோக்கிற கம்பெனியில், வரிசையில் ஆளுக்கு ஒரு வேலை செய்து அடுத்தவளிடம் நகர்த்துகிற "லைன்"ல நின்றாள். ஜெபாவுக்கு ஒன்பது வயது. என் பேரன் தருண் என்னை ஆயா என்பான், அவள் ஆச்சி என்பாள். இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இந்த வீட்டில் இரண்டு கிழவிகள் இருப்பது போலத் தோன்றும்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகிறவர்கள். போன வருஷம் எஸ்தருக்கு லீவு கிடைக்கவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், பிள்ளையும் பையில் துணியை அடுக்கி வைத்திருந்தது. லீவு இல்லை என்றதும் ஜெபா அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், சீப்பை எடுத்தால் தலையைக் காட்டுவாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். மூன்று நாள். எஸ்தர் என்னிடம் வந்து, "அடிச்சாக் கூட பொறுத்துக்குவேன் ஆச்சி, இது பேசாம கொல்லுதே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடினாள்.

நாலாவது நாள் காலையில் ஜெபா என் சமையற்கட்டுக்கு வந்து நின்றாள். என் மகன் படப்பையில் பேக்கரி சாமான் விற்கிற கடையிலிருந்து தருணுக்காக வாங்கி வந்த சாக்லேட் பாளம் ஒன்று, செங்கல் மாதிரி, ஃப்ரிட்ஜில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சி, இத உருக்கி முட்டாயி செய்யலாமா? அம்மா வேன்ல பன்னெண்டு பேரு. யாருக்கும் லீவு குடுக்கல."

"உங்கம்மாகூட நீதான் பேசறது இல்லியேடி?"

"முட்டாயி குடுக்கதுக்குப் பேசணுமா?"

பாளத்தை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டேன். வேன் மதியம் ஒன்றரை மணிக்குத் தெருமுனைக்கு வரும். கம்பெனி கேட்டுக்குள் தின்பண்டம் விடமாட்டார்கள், வேனிலேயே தின்றுவிட வேண்டும் என்றும் அவளே சொன்னாள். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அம்மா தினமும் சொல்கிற கம்பெனிக் கதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குள் அப்படியே இருந்தது. என் அடுப்பு மேடையை ஒரு "லைன்" ஆக்கிவிட்டாள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் சின்னப் பாத்திரத்தை உட்காரவைத்து அதில் சாக்லேட்டை உடைத்துப் போட்டாள். பாளத்தின் அட்டை உறையை எழுத்துக் கூட்டி வாசித்தாள், எனக்குத்தான் எழுத்து தெரியாதே. அச்சுக்கு என்ன செய்வது என்று முழித்தபோது நான் குட்டி இட்லித் தட்டை எடுத்துக் கொடுத்தேன். குழியில் வறுத்த வேர்க்கடலை போடுவது தருண் வேலை. ஊற்றுவது ஜெபா. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைத் தட்டி எடுத்து ஜிகினா பேப்பரில் சுற்றுவது நான். இடையில் நான் உன் மருமகள் சங்கதி ஒன்றை ஆரம்பித்தேன். "லைன்ல பேசக் கூடாது ஆச்சி" என்று அதட்டிவிட்டாள்.

பொட்டு அங்கேதான் வந்தது. என் மருமகளின் பொட்டு அட்டைகளைக் கேட்டு வாங்கினாள். உருண்டு திரண்டு வந்தால் பச்சைப் பொட்டு, தேறிவிட்டது. மூக்கு உடைந்தால் சிவப்புப் பொட்டு, "ரிஜெக்ட்". கம்பெனியில் அப்படித்தான் நிறம் ஒட்டுவார்களாம். ரிஜெக்டைத் தின்றுவிடலாம் என்று சட்டம் போட்டதுதான் தப்பு. தருண் நகத்தால் ஓரத்தைக் கிள்ளிவிட்டு, "இதுவும் ரிஜெக்ட்டு ஆயா" என்று வாயில் போட்டுக்கொண்டே இருந்தான்.

"இனிமே ரிஜெக்ட் ஆனா சூப்பர்வைசர்தான் திம்பாவ," என்றாள் ஜெபா.

"யாரு சூப்பர்வைசரு?"

"நான்தான்."

அதற்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் பாதிப் பாளம் தீர்ந்தபோது பச்சைப் பொட்டு எட்டுதான் நின்றது. பன்னிரண்டு பேருக்கு எட்டு. "நாலு பேரு வெறுங்கையோட பாத்துகிட்டு இருக்கணும்னா எட்டு பேருக்கும் தொண்டைல எறங்காது, எல்லாருக்கும் ஒண்ணுபோல குடுக்கணும், இல்லைன்னா குடுக்கவே கூடாது," என்றாள். மீதிப் பாதியை உருக்க வைத்துவிட்டு, சுற்றுவதற்கு இன்னும் ஜிகினா பேப்பர் எடுத்துவர ரூமுக்கு ஓடினாள். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆச்சி, தண்ணி மட்டும் பட்டிரக் கூடாது, அட்டைல போட்டிருக்கு. சும்மா கிண்டிக்கிட்டே இருங்க."

கேட்டேன் பச்சையம்மா. காதில் நன்றாக விழுந்தது.

ஆனால் இந்தக் கையின் கதை உனக்குத் தெரியாது. எனக்கு அந்த ஜெபா வயது இருக்கும்போது மணிமங்கலத்தில் எங்கள் அம்மா கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பாள், எங்கள் தெரு முழுக்க அவளிடம்தான் "பதம்" கேட்டு வரும். வெல்லப் பாகு கொதிக்கும்போது நான் பக்கத்தில் சொம்புத் தண்ணீரோடு குந்தியிருக்க வேண்டும். பாகு முறுகுகிற சத்தம் எனக்குத் தெரியும், குமிழி பெரிசாகி மெதுவாக உடையும், அந்த நேரத்தில் விரலை நனைத்து இரண்டு சொட்டுத் தெளிக்க வேண்டும். "பாகுக்கு முன்னாடி குந்தினவ இடி வுழுந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது" என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, நடவுக்கு அனுப்பினார்கள், களைக்கு அனுப்பினார்கள். அதில் எல்லாம் நான் பத்தோடு பதினொன்று. பாகுக்கு முன்னால் மட்டும்தான் நான் ஒருத்தி. என் சின்ன வயதில் யாராவது என்னைத் தேடிக் கூப்பிட்டார்கள் என்றால் அந்த இரண்டு சொட்டுத் தண்ணீருக்குத்தான்.

அந்தக் கைக்கு யார் போய் அட்டையில் போட்டிருப்பதைச் சொல்வது? கிண்டக் கிண்டச் சாக்லேட் கெட்டியாக வந்ததா, ஐயையோ முறுகுகிறதே என்று மனசு நினைப்பதற்குள் கை சொம்பில் நனைந்து தெளித்துவிட்டது. இரண்டே சொட்டு. கண் எதிரே பளபளவென்று இருந்தது செத்துப்போனது. ஈர சிமெண்ட் மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

தருண் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஆயா லைன நிறுத்திட்டா."

ஜெபா வந்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், என் ஈரக் கையைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வேறு பாளம் கிடையாது. மூன்று நாள் பேசாத பிள்ளை பேசுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தது, அதில் நான் போய்த் தண்ணீரைத் தெளித்துவிட்டேன். என் மகனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், என் புருஷனிடம் வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை முன்னால் நின்றபோதுதான் எனக்கு வேர்த்தது.

"தெரியாம பண்ணிட்டன்டி கண்ணு. குப்பைல போட்டுடட்டா?"

அவள் சிவப்புப் பொட்டு அட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"இது ரிஜெக்ட் இல்ல ஆச்சி. அம்மா சொல்லுவாவ, பாத்தவுடனே செவப்பு ஒட்டுதவன் வேலை தெரியாதவன்னு. சரி பண்ண முடியுமான்னு பாக்கணும். அதுக்குப் பேரு 'ரீவொர்க்'. அதுக்கு மஞ்சள்."

"எப்படிடி சரி பண்ணுவ?"

"கொஞ்சம் தண்ணி பட்டுத்தான இப்படி கெட்டியாச்சு? நெறைய பட்டா எளகிரும்லா."

அவள் என் டீக்கு வைத்திருந்த பாலைச் சூடாக்கி, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிண்டினாள். ஒரு கரண்டி, ஒன்றும் இல்லை. இரண்டு, இன்னும் மோசம். நாலாவது கரண்டியில் பாறை மாதிரி இருந்தது மெல்ல நெகிழ்ந்து, மடிந்து, பட்டுப் புடவை மாதிரி விழுந்தது. அறுபத்து மூன்று வயதில் நான் பார்த்த பதங்களில் அதுபோல ஒன்று பார்த்தது இல்லை. எங்கள் அம்மா இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு மணை போட்டு உட்காரவைத்திருப்பாள்.

ஆனால் இளகினது இளகினதுதான், இட்லிக் குழியில் இறுகாது. பிஸ்கட்டை நுணுக்கிப் போட்டோம். அப்போதும் பன்னிரண்டு உருண்டைக்குப் போதவில்லை. அப்போது அவள் செய்ததுதான் பச்சையம்மா, இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. சுற்றி வைத்திருந்த அந்த எட்டு நல்லதையும் எடுத்தாள். பச்சைப் பொட்டை ஒவ்வொன்றாக உரித்தாள். உடைத்து இதற்குள் போட்டுவிட்டாள்.

"நல்லாத்தானடி இருந்துது?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. எட்டுதான இருந்துச்சு."

தருண் அழவே ஆரம்பித்துவிட்டான். பிறகு உருட்டுவது என் வேலை ஆனது. அதில் மட்டும் இந்தக் கை அவளுக்குக் கடன்பட்டிருந்ததைத் தீர்த்தது, பொரி உருண்டை பிடித்த உள்ளங்கை, ஒன்றுபோல் பன்னிரண்டு உருட்டிக் கொடுத்தேன். ஜிகினா பேப்பர் சுற்றி, பன்னிரண்டுக்கும் மஞ்சள் பொட்டு.

எஸ்தர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஜெபா டப்பாவை நீட்டினாள். வாயைத் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் வேலை செய்தவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"எல்லாம் ரீவொர்க்கு. ஆச்சி தண்ணி ஊத்திட்டாவ. வேன்லயே தின்னிருங்க."

எஸ்தர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு மஞ்சள் பொட்டு. அதற்கு அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்லை. குனிந்து கேட்டாள்.

"எனக்கு எந்தப் பொட்டு வச்சிருக்க?"

வேன்காரன் இன்னொரு ஹாரன் அடித்தான். ஜெபா அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்து, அம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டினாள். மஞ்சள்.

"அடுத்த வருசம் ஊருக்குக் கூட்டிட்டுப் போனா பச்சை."

எஸ்தர் அந்தப் பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள். ஓடும்போது திரும்பி, "ஆச்சி, பிள்ளைக்குச் சோறு போட்டிருங்க," என்று கத்தினாள். "போடமாட்டாவளா பின்ன," என்று ஜெபாவும் கத்தினாள். மூன்று நாளைக்கும் சேர்த்து அன்று முழுக்க என் காது வலிக்கப் பேசினாள்.

பங்குனியில் எஸ்தருக்குக் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, நீட்டிக்கவில்லை. ரூமைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விட்டார்கள். இப்போது அந்த ரூமில் நாலு பையன்கள் இருக்கிறார்கள், மதுரைப் பக்கம், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட், பாதி நாள் பூட்டுத்தான் தெரியும். ஜன்னலில் ஜெபா ஒட்டின பொட்டெல்லாம் வெள்ளையடித்ததில் போய்விட்டது. என் ஃப்ரிட்ஜ் கதவில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கிறது. போகிற அன்றைக்கு ஒட்டினாள். "இது யாருக்குடி?" என்று கேட்டதற்கு, "தண்ணி தெளிச்சவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று போன் செய்தாள். நானும் மறக்காமல் கேட்டேன், அம்மாவுக்குப் பச்சைப் பொட்டு வைத்தாயா என்று. "வேலை இல்லாம வீட்டுலதான் இருக்காவ ஆச்சி. வாக்கு குடுத்தபடி கிறிஸ்துமஸுக்கு ஊர்லதான இருக்கோம், பச்சை வச்சிட்டேன்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நான்தான் போனைத் தருணிடம் நீட்டிவிட்டேன். அந்த நாலு பையன்களில் மூன்று பேருக்கு வருகிற பொங்கலுக்கு லீவு கிடையாதாம். அதுதான் தருணும் நானும் அடுப்பில் பாளத்தை வைத்திருக்கிறோம், ஒத்திகை மாதிரி. இந்த முறை அவன்தான் சூப்பர்வைசர், கிள்ளித் தின்கிற சூப்பர்வைசர்.

இரு, கூப்பிடுகிறான் பார். "ஆயா, கெட்டியாவுது, வா." போகிறேன். அந்தத் துண்டை இப்படிக் கொடு பச்சையம்மா, முதலில் கையைத் துடைத்துக்கொள்கிறேன். பாத்திரம் கழுவின கை, ஈரமாக இருக்கிறது.