மெரினா வாசிக்க மறுத்த மெட்டு

எங்கள் கோயிலில் மெரினா ஓர்கன் வாசிக்கத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. பாடகர் குழுவில் இருபது வருடமாக நிற்கிறவள் நான், அவளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனேன். சிலாபத்துக் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் அவளுக்குப் பழைய இலத்தீன் பூசையின் கிரகோரியன் மெட்டுகளைப் பழக்கிவிட்டார். அவற்றுக்குத் தாளம் கிடையாது. மூச்சு உள்ளவரை நீண்டு, மூச்சு முடிகிற இடத்தில் திரும்பும். நற்கருணை நேரத்தில் அவள் அந்த மெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைத்து வாசிப்பாள். கடலோரக் களப்பில் தண்ணீர் ஏறுவதுபோல அது சத்தமில்லாமல் வந்து சூழும். அவளோடு கோபமாக இருக்கும் எனக்கே கண் செருகிவிடும்.

கிழமை நாட்களில் அவள் கடற்கரை மீன்வாடியில் கருவாடு புரட்டுகிறவள். ஞாயிறு காலையில் மீன் வாடை போக விரல்களுக்குத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஓர்கன் மூடியைத் திறப்பாள்.

ஒரு மெட்டை மட்டும் அவள் மற்றவற்றோடு கலக்கமாட்டாள். அது சவப்பெட்டி கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிப்பது. அதைக் கேட்டால் சனம் முழுக்க எழும்பி வாசலைப் பார்த்துத் திரும்பும். இறந்தவரின் வீட்டார் முன்னே நடப்பார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது.

போன வருடம் கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் அவள் புருஷன் டிலக்‌ஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பள்ளிவாசல்துறைப் பக்கம் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது. மாமியார் மக்தலேனாவுக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சுத்தான்.

"மகள், அவன்ட ஆத்துமத்துக்குப் பூசை ஒண்டு ஒப்புக்குடுப்பம்."

"அவர் வந்து நிண்டா நான் என்னத்தச் சொல்றது, மாமி?"

அதோடு கதை முடிந்துவிடும். பெற்ற வயிறு எரிகிறது, இவளோ பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள். யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நான் இரண்டு பேருக்காகவும் அழுதேன்.

போன ஞாயிறு நற்கருணை முடிகிற நேரம். யன்னலால் வெயிலும் உப்புக் காற்றும் வந்துகொண்டிருந்தன. மெரினா கண்ணை மூடிக்கொண்டு ஓர்கனை மிதித்து வாசித்தாள். ஒரு மெட்டு இன்னொன்றுக்குள் போனது, அது வேறொன்றுக்குள் போனது. பிறகு விரல்கள் அவளைக் கேளாமலே அந்த மெட்டுக்குள் இறங்கிவிட்டன.

பழக்கதோஷம் யாரை விட்டது? எல்லோரும் எழும்பி வாசலைப் பார்த்துத் திரும்பினோம். நடுவில் பெட்டி இல்லை. அப்போதுதான் அது யாருக்கான மெட்டென்று விளங்கியது. ஆனாலும் ஒருவரும் உட்காரவில்லை. முன் வாங்கிலிருந்து மக்தலேனா மட்டும் எழுந்து நடந்தார். நாலைந்து அடி வைத்ததும் நின்றுவிட்டார்.

மெரினா கண் திறந்தாள். கை நின்றது. மூடியைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தனியே நிற்கும் மாமியாரின் முதுகைப் பார்த்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை வாசித்தாள். ஒரு மூச்சைக்கூட அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் எழும்பிப் போய் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"மெதுவா நடங்க மாமி," என்றாள். "அவரைத்தானே கொண்டுபோறம்."