கீல் தேயவில்லை

டாக்டர் அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அண்ணனின் முழங்காலுக்குள் வைத்திருந்த இரும்புக் கீல் வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த எலும்புதான் கரைந்துபோயிருந்தது.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. திருவொற்றியூரில் நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலையில், ஏணியில் ஏறிப்போய்க் கூரையை ஒட்டி ஓடும் கிரேனை ஓட்டியவர். முடக்குவாதத்தில் முழங்கால் கெட்டுப்போக, எழுபதுகளில் அந்தக் கீலை வைத்தார்கள். அப்போது அது புதுசு. “நடக்கலாம், ஏணி மட்டும் ஏறக்கூடாது” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கம்பெனி அவரைக் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தது. அத்தனை வருஷம் எங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்த மனுஷன், போகிறவன் வருகிறவனின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கீலைப் பற்றி ஃபிட்டருக்குத் தெரியாதா? கேன்டீனில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தேன்.

“இன்னா அண்ணாத்தே, புதுக் கீலு போட்ட கதவு தொறக்கவே பயப்படுது?”

“டாக்டரு ஏறாதன்னு சொல்லிக்கீறாரு நைனா.”

“அவுரு சொல்வாரு. நீ போய்ச் சேந்தாலும் அந்த இரும்பு தேயாது. நான் கேரண்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி கிரேனில் ஏறிவிட்டார். கீழே நின்று முதலில் கை தட்டியவன் நான்தான். ஒரு வருஷம் ஓடியது. பிறகு வலி.

முழங்கால் மடங்குவதோடு கொஞ்சம் திரும்பவும் செய்யுமாம். இந்தக் கீல் திரும்பாது. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறுக்கையும் எலும்புதான் தாங்க வேண்டும் என்றார் டாக்டர். கதவு கனத்தால் கீல் உடையாது, நிலைதான் பெயரும். வேலையில் தினமும் நானே சொல்லித் திரிந்த பேச்சு அது. இரும்பைப் பார்த்தேனே ஒழிய, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கவில்லை.

“யார்யா உன்னை ஏறச் சொன்னது?” என்று டாக்டர் கத்தினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“எவனும் சொல்லல டாக்டர். நானாத்தான் ஏறிகினேன்.”

டாக்டர் கீழே வைத்த படத்தை நான் உறைக்குள் போட்டேன். கீலை எடுத்துவிட்டு, கால் மடங்காதபடி எலும்போடு எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் அவர் நீட்டிய காலைத் தாண்டிப் போகிறவர்கள் திட்டாமல் போனதில்லை.

இப்போது மூட்டு கொஞ்சம் திரும்புவதற்கு இடம் விட்டு, நடுவில் பிளாஸ்டிக் வைத்துச் செய்கிறார்கள். என் மனைவிக்கும் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் உழைக்கும் என்று என்னிடம் கேட்பவர்களை டாக்டரிடம் கேட்கச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் இறந்த அன்று, அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு பேச்சக் கேட்டு ஏறுனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல தம்பி. கூடவே இருந்தியே, உனக்காவது தெரியுமா?”

“தெரியாது அண்ணி” என்றேன்.