அத்தானுக்குச் சொன்ன ‘வாறன்’

முருகப்பெருமானின் பாதங்களை நினைந்து, எங்கள் அத்தானின் முதலாம் ஆண்டு நினைவில் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்புக் குறைவு; பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

அத்தான் ரஷ்யாவில், வொல்கா ஆற்றங்கரை நகரமொன்றில் ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே கதவு நிலைகளுக்குக் குனியத் தொடங்கியவரைக் கூடைப்பந்துக்கு எடுத்தார்களாம். அங்கே பெரிய கழகங்களில் விளையாடினார். நாடு உடைந்து சம்பளம் நின்றபோது ஜெர்மனிக்கு வந்தார். வருடத்துக்கொரு ஊர், வருடத்துக்கொரு சட்டை. மார்க் போய் யூரோ வந்த குளிர்காலத்தில் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்துச் சிறு கழகமொன்றில் சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. மருத்துவமனையில் அந்த முழங்கால்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்தான் என் அக்கா.

“பந்து போடுறதும் ஒரு உத்தியோகமோ அக்கா?” என்று கேட்டவன் நான்.

“உன்னை ஆரும் போடச் சொல்லேல்லை. உனக்கு வளையம் எட்டாது,” என்றார் அக்கா.

கல்யாணம் நடந்தது. கோவிலுக்கு வந்தால் அத்தானின் வேட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஆனாலும் தேவாரம் முடியும்வரை அந்த முழங்கால்களை மடக்கி நிலத்தில் இருப்பார். நாற்பதை நெருங்கியும் இளம் பொடியன்களோடு ஈடுகொடுத்து ஓடினாராம். தோற்றாலும் எதிர் அணியில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துவிட்டே வெளியேறுவாராம். எல்லாம் அக்கா சொல்லக் கேட்டதுதான். நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

ஒருமுறை சாப்பாட்டு மேசையில், “சனிக்கிழமை என்ரை கடைசி விளையாட்டு. தம்பி வரோணும்,” என்று தமிழிலேயே கேட்டார். அந்தச் சனிக்கிழமை கோவிலில் எங்கள் குடும்பத்துப் பூசை. ஏலாது என்று சொல்ல வாய் வராமல் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது சப்பாத்தைப் போட்டபடி, வழக்கம்போல, “சரி அத்தான், வாறன்,” என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். ரஷ்யர் இப்படித்தான் வழியனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை அக்கா தொலைபேசியில் அழுதார். “முன்வரிசையில உனக்கெண்டு கதிரை பிடிச்சு வைச்சவர். ஆட்டம் முழுக்க வாசலைத்தான்ரா பாத்தவர்.”

“நான் எப்ப வாறன் எண்டனான்?”

“வெளிக்கிடேக்க சொன்னியே!”

புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அத்தான் என்னைக் கோபிக்கவில்லை. பிறகு புற்றுநோயோடு படுத்திருந்த நாட்களில், நான் கதிரையைவிட்டு எழும்பும்போதெல்லாம், “தம்பி, இது வாற வாறனோ, போற வாறனோ?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் இன்றும் குத்துகிறது. செத்த வீட்டில் ‘வாறன்’ என்றும் சொல்லக்கூடாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினேன்.

அத்தானைச் சுமந்த கழகத் தோழர்களுக்கும், ரஷ்ய மொழியில் செபித்த குருவானவருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும் அக்காவின் சார்பில் நன்றி. வரும் சனிக்கிழமை கழகத்தார், அவர் கடைசியாக விளையாடிய அதே மண்டபத்தில் அத்தானின் நினைவாக விளையாடுகிறார்கள். அன்றும் கோவிலில் பூசை உண்டு. முருகன் பொறுத்துக்கொள்வான்.

முன்வரிசையில் இருப்பேன். இது வாற வாறன், அத்தான்.