சோணைமுத்துவின் தாடை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபத்திரண்டு வருடமாக மருந்து கலக்குகிறவர் சோணைமுத்து. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. செருப்பில்லாமல், பேச்சில்லாமல், சல்லடை எதிலும் உரசாமல் சலிக்க வேண்டும். கூட வேலை பார்த்த செந்தூர்பாண்டி பக்கத்து அறையோடு வெடித்துப் போன நாளிலிருந்து, உள்ளே கால் வைத்ததும் சோணைமுத்துவின் பற்கள் தாமாக இறுகிக்கொள்ளும். பல் இறுகினால்தான் கை ஆடாது என்பது அவர் நம்பிக்கை. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இடது கடைவாயில் வலி தொடங்கியது. சொத்தைப் பல்தான் என்று அவரே முடிவு கட்டி, விருதுநகரில் ஒரு பல் வைத்தியரிடம் பிடுங்கிக்கொண்டார். வலி போகவில்லை. அடுத்ததையும் பிடுங்கச் சொன்னார். கத்தரிக்காய் பறிக்கிற மாதிரி அந்த மனுஷரும் கேட்கக் கேட்கப் பிடுங்கினார். நான்கு பற்கள் போன பிறகு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் கறித்துண்டை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

பல் கட்டிக்கொள்ளச் சிவகாசிக்கு, டாக்டர் ஜெமிமாவிடம் போனார். அந்தப் பெண் முதலில் பல்லையே பார்க்கவில்லை. அவருடைய இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து, மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். இடப்பக்கம் 'டக்'கென்றது, தாடை நேராக இறங்காமல் கோணிக்கொண்டு போனது. பல் பிடுங்குவதற்கு முன் எடுத்திருந்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பிடுங்கிய பல் ஒன்றிலும் பழுதில்லை, தாடை மூட்டுதான் நசுங்கிக் கிடக்கிறது, அது அடங்காமல் பல் கட்டினால் கடி பொருந்தாது என்றார்.

"அண்ணாச்சி, நீங்க பல்லை இறுக்குறீக. எப்பன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அவருக்குத்தான் தெரியுமே.

தூங்கும்போது பல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட் கொடுத்தார் டாக்டர். பகலில் உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக்கூடாது என்றார். பத்து நாள் அப்படியே இருந்தார். வலி குறைந்தது, வாய் மூன்று விரல் திறந்தது. மனைவி பாண்டிலட்சுமி ஆசையாக முறுக்கு வாங்கி வைத்தாள். ஆனால் கலக்கும் அறையில் நாளுக்கு நாள் கை நடுங்கியது. பதினோராம் நாள் சல்லடை தட்டின் விளிம்பில் உரசியது. பக்கத்து அறையில் எட்டுப் பெண்கள் குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் பல்லை இறுக்கினார், கை ஆட்டம் நின்றது.

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். கலக்கத் தெரிந்த ஆள் இல்லை, சீசன் முடியட்டும் என்றார் போர்மேன். மறுபடி சிவகாசிக்குப் போனார்.

"மிச்சப் பல்லையும் எடுத்துருங்க தாயி. பல்லு இருந்தாத்தானே இறுகும்."

ஜெமிமா மறுபடி அவர் காதுகளுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தார்.

"பல்லு இல்லாட்டாலும் தாடை இறுகத்தான் செய்யும், அண்ணாச்சி. அந்த ரூமை விட்டு வந்துருங்க. இல்லைன்னா இனி ஒரு விரல்தான் திறக்கும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். என்ன சொன்னார்கள் என்று பாண்டிலட்சுமி கேட்டாள்.

"ஒரு விரல் திறக்குமாம். கஞ்சிக்கு அது போதும்" என்றார். காலையில் வழக்கம்போல ஆலை வேன் ஏறினார்.