அப்பா உரக்கச் சொன்ன எடை

ஆரியசாலையில் அந்த அரிசி மொத்தக் கடையின் வாசலிலேயே எடை மெஷின் இருக்கும். ஒரு மூட்டை தாராளமாக உட்காரும் அளவுக்கு இரும்புத் தட்டு, அதன் தலைமாட்டில் ஒரு கம்பி, கம்பி உச்சியில் சிவப்பு எண்கள் ஓடும் சின்னப் பெட்டி. என் அப்பாவுக்கு அந்தக் கடையில் நிறுவை வேலை. மூட்டையைத் தட்டில் வைத்ததும் எண் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, எடையைத் தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். வாங்க வந்தவர் காதிலும் விழ வேண்டும், உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி காதிலும் விழ வேண்டும். அந்தக் கடையில் அப்படித்தான் வழக்கம். ஐம்பது கிலோ நூறு கிராம் என்றால் "அம்பது நூறூ!" என்று அப்பா கடைசி எழுத்தை இழுத்துச் சொல்வது சின்ன வயதில் எனக்குப் பாட்டு மாதிரி இருக்கும். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம்தான். அவருடைய தாத்தா காலத்தில் வந்து கடை போட்டுக் காலூன்றியவர்கள். நாங்கள் நேற்று வந்து கரமனைப் பக்கம் ஓர் அறையில் ஒண்டியவர்கள். "ஏறி நில்லு பிள்ளே, பாப்போம்" என்றார். வெட்கத்தோடு ஏறினேன். அப்பா மூட்டைக்குச் சொல்வது போலவே, "நாப்பத்தஞ்சு எண்ணூறூ!" என்றார். முதலாளியின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! பெற்ற மகள் பரிசு வாங்கினால்கூட ஒரு மனிதனுக்கு முகம் அப்படி மலராது. "நல்ல வெயிட்டாக்கும்! நாளைக்கே கிளப்புக்கு வந்துரு, கேட்டியா. குஸ்தி படிக்கலாம்" என்றார். என்னிடம் ஏதோ இருக்கிறது, இத்தனை பேரில் இவர் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதலாளியின் பழைய கிடங்கு மாடி, அதில் விரித்த மேட், சுவரோரம் சாக்குக் கட்டுகள். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த மலையாளி கோச் டியூட்டி முடித்துவிட்டு வருவார். பிள்ளைகளின் அம்மாக்கள் முறைவைத்து மேட்டைத் துடைப்பார்கள். அவித்த முட்டையும் ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழமும் முதலாளி வீட்டிலிருந்து வரும். கீழே கடையில் அவர் முதலாளி, மாடி ஏறிவிட்டால் செக்ரட்டரி சார். அப்பா மட்டும் மேலேயும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார். "இது சேவையாக்கும். நாங்க பத்துப் பைசா பாக்கல்லே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி சொல்வார். சேவை என்ற சொல்லை யாராவது மேடையில் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஆனால் மல்யுத்தத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். ஒருத்தியின் இடுப்புக்குக் கீழே நுழைந்து, தோளை முட்டுக் கொடுத்து, அவள் கால் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நொடி இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்தைப் படிப்பு எனக்குத் தரவில்லை, கல்யாணமும் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். வீட்டில் மூச்சு விடுவதற்கே முறை போட வேண்டும். மேட்டில் ஏறினால்தான் எனக்கு என்று ஓர் இடம் இருந்தது. அந்த ரப்பர் வாசனையும் கீழிருந்து வரும் அரிசித் தவிட்டு வாசனையும் கலந்து வந்தால் இப்போதும் என் முழங்கால்கள் தாமாகவே மடங்கப் பார்க்கும்.

முதல் நாளே என்னை முதலாளியின் மகளோடு ஜோடி சேர்த்தார்கள். அவளும் என் வயது, என் உயரம், என் எடை. மறுநாளும் அவளோடுதான், அடுத்த மாதமும் அவளோடுதான். மற்றப் பெண்களோடு நான் விளையாடக் கேட்டால் கோச் காது கேட்காதவர் மாதிரி விசிலை ஊதிவிடுவார். மேட் துடைக்க வந்த ஓர் அம்மாதான் சாதாரணமாக வாயை விட்டாள். "சார் மகளுக்கு ஈடா ஒரு பிள்ளை கிடைக்காம எத்தனை இடத்துல தேடுனாரு தெரியுமா? நீ வந்து சேந்தே." எனக்கு அப்போதும் அது பெருமையாகத்தான் இருந்தது. பதினான்கு வயதில் தேடினார்கள் என்ற சொல்தான் காதில் நிற்கும், எதற்கு என்பது நிற்காது.

என் வேலை என்னவென்றால், வேறு ஆளாக இருப்பது. "இன்னிக்கு நீ கொல்லத்துக்காரி மாதிரி ஆடு" என்பார் கோச். கொல்லத்துக்காரி இடது காலை முன்னே வைப்பவள், தலையைத் தாழ்த்தி முட்டிக்கொண்டு வருவாள். நானும் அப்படியே வருவேன். மறுநாள் ஆலப்புழைக்காரி. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சரிப்பாள். ஜில்லாவிலும் வெளியிலும் அந்த எடையில் யார் யார் எப்படி ஆடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதலாளி மகள் அவர்களை எப்படி வீழ்த்துவது என்று என் மேல்தான் பழகினாள். சரியாக விழ வேண்டிய இடத்தில் நான் விழ வேண்டும். விழாமல் நின்றால், "எடீ, நீ எந்தினா பலம் பிடிக்குந்நது?" என்று, எதற்கு முரண்டு பிடிக்கிறாய் என்று, கோச் கத்துவார். அவளும் நல்லவள்தான். என் முழங்கையில் தோல் உரிந்தால் தன் வீட்டு மருந்தைக் கொண்டுவந்து தடவிவிடுவாள். "நீ கொல்லத்துக்காரியா வரும்போது எனக்கு நெஜமாவே பயமா இருக்குடீ" என்பாள். நான் நானாக வந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஜில்லாப் போட்டிக்கு ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் ஓர் எடைக்கு ஒருத்திதான் போகலாம் என்றார்கள். நாற்பத்தாறு கிலோவுக்கு நாங்கள் இருவர். ஆகவே இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோதி ஜெயிப்பவள் போகட்டும் என்று கோச் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஜில்லாவில் ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். படிப்பும் சாப்பாடும் அங்கேயே, எனக்கென்று ஒரு கட்டில். அவளுக்கு வீட்டில் தனி அறையே இருந்தது. எனக்கு அந்த ஹாஸ்டலை விட்டால் வேறு வழி கிடையாது, பத்தாம் வகுப்பு முடிந்ததும் துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான். அப்பாவிடம் சொன்னேன். "முதலாளி நல்லவரு, நடக்கும் மக்கா" என்றார்.

மறுநாளிலிருந்து முதலாளி வீட்டுச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அப்பா வேலை முடிந்து தூக்குப் பாத்திரத்தோடு வருவார். நெய் மிதக்கும் பருப்பு, கோழி வறுவல், முந்திரி போட்ட பாயசம், ஒரு டப்பா நிறைய அல்வா. "மேட்ச் இருக்குல்லா, பிள்ளை நல்லாத் திங்கட்டும்னு முதலாளி தந்தாரு." எங்கள் அறை முழுக்க நெய் வாசனை. மீதம் வைத்தால் முதலாளி மனம் சங்கடப்படும் என்று அம்மா என்னைக் கட்டாயப்படுத்தி ஊட்டாத குறைதான். நானும் ஆசை ஆசையாகச் சாப்பிட்டேன். அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதுவரை கண்டதில்லை. ஞாயிறு காலையிலும் நெய்ப் பொங்கலும் பாயசமும் வந்தன. எடை பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர்கூடப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளி மகளைத் தினமும் நிறுத்துப் பார்ப்பார்கள், என்னை யாரும் பார்த்ததில்லை. பார்ட்னருக்கு எடை எதற்கு?

எடை பார்க்கக் கடை மெஷினைத்தான் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். தோர்த்துத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தது அப்பாதான். இறக்கி வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடையில் நிற்பது போலவே பெட்டியின் பக்கத்தில் நின்றார். முதலாளி மகள் ஏறினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நாப்பத்தஞ்சு தொள்ளாயிரம்!" என்றார் அப்பா. நான் ஏறினேன். எண் ஓடி நின்றது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்து, மாடி முழுக்கக் கேட்கும்படி, கடைசி எழுத்தை இழுத்து, "நாப்பத்தேழு நானூறூ!" என்றார்.

"அடடா, கூடிப்போச்சே" என்றார் முதலாளி. அவர் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோச் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரமில்லா மோளே, அடுத்த கொல்லம் நோக்காம்" என்றார். பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாமாம். மோதலே இல்லாமல் முதலாளி மகளின் கையைத் தூக்கிவிட்டார்கள்.

தெரியாமல் நடந்திருக்கும் என்று அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன தெரியாமல்? நூறு கிராம் கூடக் குறைய வந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிற மனிதர் முதலாளி. அந்தப் பதினைந்து நாளும் தனக்கு வீட்டில் ரசமும் வெள்ளரிக்காயும்தான் என்று அவர் மகளே பிறகு என்னிடம் சொன்னாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு பாத்திரத்தில் மகளுக்கு ரசம், இன்னொன்றில் எனக்கு நெய். பட்டினி போட்டுக் கெடுத்தவர்களைப் பற்றி ஊரில் பேசுவார்கள். சோறு போட்டுக் கெடுத்தவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் நன்றிகெட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும். இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கு அதோடு விட்டாரா? நான் படி இறங்கப் போனபோது கூப்பிட்டார். "வந்தது வந்துட்டே, மகளுக்கு ஒரு ரவுண்டு கம்பெனி கொடு. கொல்லத்துக்காரி மாதிரி ஆடு." மேட்டில் ஏறினேன். கொல்லத்துக்காரியாகவும் ஆடவில்லை, ஆலப்புழைக்காரியாகவும் ஆடவில்லை. அவள் கை என் தோளில் படுவதற்குள் அவள் இடுப்புக்குக் கீழே போய்விட்டேன். தூக்கிப் புரட்டி, அவளுடைய இரண்டு தோளும் மேட்டில் பதியும்படி அமுக்கிப் பிடித்தேன். கோச் தன்னை மறந்து மேட்டை ஓங்கித் தட்டிவிட்டார். ஜெயித்ததற்கு அடையாளம் அது. முதலாளி மட்டும் கைதட்டினார், சிரித்தபடி. மகளைப் பார்த்து, "பாத்தியா மோளே, இப்படியும் வருவாளுக. அங்கே ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். நான் ஜெயித்ததையும் எடுத்து மகளுக்குப் பாடமாக ஊட்டிவிட்டார் அந்த மனிதர்.

மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். "ஏம்ப்பா அவ்வளவு சத்தமாச் சொன்னீங்க?" என்றேன். "உள்ளதைத்தானே மக்கா சொல்லணும். நிறுவையில பொய் சொல்லலாமா?" என்றார். பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. கோபப்படலாமே! மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே! சோறு வந்த கணக்கு அவருக்குப் புரியாமல் இல்லை, அந்த நடையைப் பார்த்தாலே தெரிந்தது. திங்கட்கிழமை அவர் கடைக்குப் போனார். நான் கிளப்புக்குப் போகவில்லை. "பிள்ளை ஏன் வரல்லே? இங்க மகளுக்கு ஆள் இல்லாமக் கஷ்டமாக்கும்" என்று முதலாளி கேட்டனுப்பினார். எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொல்லிச் சமாளித்தார். நிறுவையில்தான் அவருக்குப் பொய் வராது.

இப்போது எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் பில்லிங் வேலை. மகள் நான்காம் வகுப்பு. அப்பா வேலையை விட்டுவிட்டார், ஆனாலும் காலையில் அந்தக் கடை வாசலில் போய் உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. முதலாளியின் பேத்திக்கும் என் மகள் வயதுதான் என்று அவர்தான் ஒருநாள் சொன்னார். போன மாதம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனவள், அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மகளோடு அந்தப் பக்கம் போனேன். மெஷின் புதிது, வைத்திருக்கும் இடம் பழையதுதான். முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். என் மகளைக் கண்டதும் நிமிர்ந்தார். "நம்ம கிளப்புல இப்பப் பெண்பிள்ளைகளே இல்லே. மோளை அனுப்பேன், எல்லாம் சேவைதானே. ஏறி நில்லு மோளே, பாப்போம்."

அவள் விளையாட்டாக ஏறிவிட்டாள். சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. அப்பா எழுந்து பெட்டியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கழுத்து நீண்டது, வாய் திறந்தது.

"சொல்லாதீங்க!" என்று கத்தினேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியிடம், "உங்க பேத்தி எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.

"முப்பத்திரண்டு" என்று உடனே வந்தது அவர் வாயிலிருந்து. சொன்ன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தா அம்மா?" என்றாள் மகள், தட்டில் நின்றபடியே. நான் பதில் சொல்வதற்குள் அப்பா தோளிலிருந்த தோர்த்தை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் போட்டார். எண் மறைந்தது. "இறங்கு மக்கா, போலாம்" என்று அவளைக் கைப்பிடித்து இறக்கினார். துண்டை எடுக்காமலே தெருவில் இறங்கி நடந்தார்.

அப்பாவுக்காக மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கு இளகவில்லை. ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஏறி நின்ற அன்றைக்கும் ஒரு துண்டு அவர் தோளில்தானே கிடந்தது.