பெரிய டயர்

என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த லாரிக்குப் பெரிய டயர் மாட்டிய பிறகு டீசல் அதிகம் செலவானது. முதலாளி எல்லார் முன்னிலையிலும், "இவன் டீசல் திருடுதான்" என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அதன்பின் இவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

நான் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காரணம் அங்கேதான் புரிந்தது. டயர் கனமாக இருந்தால் இழுப்பதற்கு டீசல் கூடும். உயரமாக இருந்தால் சக்கரம் குறைவாகச் சுற்றும், ஓடிய தூரத்தை மீட்டரும் குறைத்துக் காட்டும். என் கணவர் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

ஒருநாள் அதே முதலாளி கடைக்கு வந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

"இன்னொரு லாரிக்கும் அந்தப் பெரிய டயரே போட்ருவோமாம்மா?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தாராளமாப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். நெஞ்சு குளிர்ந்தது.

அந்த லாரியை ஓட்டியது அவருடைய சொந்தத் தம்பி. சில வாரங்களில் தம்பிக்கும் திருடன் பட்டம் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

பிறகு தம்பியின் மனைவி கடைக்கு வந்தாள்.

"அக்கா, டயர்ல எதும் கோளாறு இருக்குமா? இவரு சாப்பிடவே மாட்டேங்காரு."

என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "எல்லாரும் கேக்க முதலாளிகிட்ட சொல்லு. என் வீட்டுக்காரர் பேரையும் சேத்துச் சொல்லு" என்றேன்.

முதலாளி எங்கள் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். கணவர் மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை.

அந்தப் பெண் இன்றும் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறாள். தெரிந்தேதான் விற்றேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.